சேக்கிழார் வாக்கும் வாதாபிச் சாசனமும்

சைவ சித்தாந்த நூல்கள் அளவையைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறும். ஐயந்திரிபறக் கண்ணாற் காண்பது காண்டல். புகையினைக் கண்டு ஆண்டுக் காணப்படாத தீயினை உணர்வது கருதல். மெய்யுணர்ந்தோர் மொழியால் அறிவது உரை. இம்மூன்றும் ஒன்றற்கொன்று பகையாவன அல்ல. ஒவ்வொன்றற்கும் உரிய புலம் ஒன்று உண்டு. அப்புலத்தில் அது தலைமை பெறும். அதனைக் கடந்து சென்றவிடத்துத் தடுமாறும். திருத்தொண்டர் வரலாறுகளுக்குக் காலம் ஆராயப் புகுவார் முதற்கண் நெஞ்சிற் கொள்ளவேண்டுவது இவ்வளவை வரம்பேயாம்.

இவ்வாராய்ச்சியைக் குறித்து இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. அருட்செயல்களுக்கு ஆண்டுக் கணக்கிடுதல் அவற்றின் பெருமையைக் குறைக்கும் என்பது ஒன்று. கல்லிலும் செம்பிலும் காணப்படாதன எல்லாம் புலவர் புனைந்துரையே என்பது மற்றொன்று. முன்னது கருதலளவையை அஞ்சுகின்றது. பின்னது உரையளவையை இகழ்கின்றது. சிறுத்தொண்டராகிய பரஞ்சோதியார் வாதாபி நகரை அழித்தார் என்று திருத்தொண்டர் புராணம் கூறும் செய்தி ஒன்றை நடுநின்று ஆராயின் இவ்விரண்டும் பொருந்தாமை இனிது விளங்கும்.

ஆராய்தற்கு உரியனவும் அல்லனவும்

புராணங்கள் கூறும் செய்திகள் அனைத்தும் ஒருதன்மையன அல்ல. முப்புரம் எரித்தமையும் ஆலகாலம் உண்டமையும் காலத்தைக் கடந்த முதல்வன் செயலாகக் கூறப்படுவன. அவற்றின் உட்பொருளை ஆசிரியர்கள் மும்மல நீக்கம் முதலியவாக விளக்கியிருக்கின்றனர். அவற்றுக்கு யாண்டு தேடுதல், காற்றுக்கு நிறம் தேடுதல் போல்வதாகும். நாயன்மார் வரலாறோ அத்தகையதன்று. மன்னர் ஆண்ட நாட்டில், இன்றும் பெயர் மாறாது வழங்கும் ஊர்களில், போரும் பஞ்சமும் நேர்ந்த நாளில் வாழ்ந்த மக்களது வரலாறு அது. காலத்தினுள் நிகழ்ந்ததற்குக் காலம் காண முயறல் குற்றமாகாது.

இம்முயற்சிக்கு வேண்டும் இடங்கள் பல சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையைச் சூழ்ந்த பகுதியிலேயே அமைந்துள்ளன. பள்ளிக்கரணைக்கு மேற்கே பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கின்றது. அவ்வரசனுடைய விருதுப்பெயர்கள் அதன்கண் வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அஃது இசுலாமியர் வழிபடும் இடமாயிற்று. அதற்கும் மேற்கே சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூர் உள்ளது. தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம். பல்லவனும் சளுக்கியனும் பொருத களங்களுள் ஒன்று அது. தெற்கே செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குகைக்கோயில் ஒன்று உளது. இவை நான்கும் இவ்வாராய்ச்சிக்குத் துணையாவனவே.

பெயரொற்றுமையால் விளைந்த பிழை

திருஞானசம்பந்தரது காலத்தைக் குறித்துக் கால்டுவெல் பாதிரியார் கூறிய முடிபு ஒன்று ஒருகாலத்திற் பெரிதும் வழங்கிற்று. சம்பந்தர் சுரந்தீர்த்த கூன்பாண்டியனுக்குச் சுந்தரபாண்டியன் என்னும் பெயரும் திருவிளையாடல் வரலாற்றிற் காணப்படுகின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ என்பார், சுந்தரபாண்டியன் ஒருவன் அரசாண்டதாக எழுதி வைத்தார். இரு பெயரும் ஒன்றாதலின் இரு மன்னரும் ஒருவரே எனக் கொண்டு, சம்பந்தரும் அந்நூற்றாண்டினரே என்று கால்டுவெல் துணிந்தார்.

இது தருக்க நூலார் அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியின்பாற்படும். ஏதுவாக எடுத்த பொருள் துணியவேண்டிய இடத்தில் மட்டும் இராது பிற இடங்களிலும் காணப்படுமாயின் அவ்வேது முடிபைத் தாராது. சுந்தரபாண்டியன் என்னும் பெயர் பூண்ட பாண்டியர் பலர். அங்ஙனமாக, அப்பெயர் ஒன்றே கொண்டு இவன்தான் அவன் எனல் எங்ஙனம் பொருந்தும்?

இம்முடிபைத் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மறுத்தார். சாசனங்களும் அவர் பக்கமே நின்றன. முதலாம் இராசராச சோழன் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு 48 பேரையும், அவர்க்கு உடன் முழக்க இருவரையும் நியமித்தான் என அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர், நம்பியாரூரர், சிறுத்தொண்டர், சீராளர் ஆகியோர் திருவுருவங்கள் அங்கே எழுந்தருளுவிக்கப்பட்டமையும் கல்வெட்டாற் புலனாகும். அதற்கும் முன்னர், 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மனது திருவல்லக் கல்வெட்டுத் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. 9-ஆம் நூற்றாண்டிலே திருப்பதியம் கோயிலில் ஓதப்பெற்றது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சம்பந்தர் திருவுருவம் வழிபடப்பெற்றது. அவரை 13-ஆம் நூற்றாண்டினர் என்றல் இச்சாசனங்களோடு முரணும்.

இப்பிழை அயல்நாட்டறிஞர்க்கே உரியது எனக் கருதற்க. ஊர்ப்பெயர் கொண்டு வரலாறு துணிவார் பலரும் இதனையே செய்கின்றனர். பள்ளிக்கரணையில் 'பள்ளி' என்னும் சொல் இருத்தலால் அது சமணர் உறைந்த ஊரே என ஒருவர் கூறின், அதுவும் அநைகாந்திகமே. பள்ளி என்பது சமண பௌத்தர் உறைவிடத்தையும், கல்வி பயில் இடத்தையும், சிற்றூரையும், துயிலிடத்தையும் குறிக்கும் பலபொருள் ஒருசொல். கல்வெட்டோ பிற சான்றோ துணைநின்றாலன்றி அச்சொல் ஒன்றே ஒரு சமயத்தார் இருப்பை நாட்டமாட்டாது. சைவர்க்கு உவப்பான முடிபைத் தருவதாயினும், உவப்பில்லாத முடிபைத் தருவதாயினும், ஏதுவின் குற்றம் குற்றமே.

வாதாபியின் வீழ்ச்சி

இனிப் பரஞ்சோதியார் செய்தியை நோக்குவோம். அவர் தம் மன்னனுக்காகப் படைகொண்டு வடபுலம் சென்று வாதாபி என்னும் தொன்னகரைத் துகளாக்கி, யானை குதிரை முதலிய பெரும்பொருள் கவர்ந்து மீண்டார் என்றும், அவர் சிவனடியார் என்பதறிந்த மன்னன் அவரைப் படைத்தொழிலினின்றும் விடுவித்தான் என்றும் சேக்கிழார் கூறுகின்றார். அம்மன்னன் பெயரை அவர் கூறிற்றிலர், யாண்டும் கூறிற்றிலர். புராணத்தை மட்டுங் கொண்டு இதற்குக் காலம் காண்டல் இயலாது.

சாசனங்கள் கூறுவன வருமாறு. வாதாபி என்பது இன்று கருநாடகத்தில் பாதாமி என வழங்கும் நகரம். முற்காலச் சளுக்கியரது தலைநகர். இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளைப் பாடும் அய்ஹொளெக் கல்வெட்டுச் சகம் 556, அஃதாவது கி.பி. 634–35-இல் பொறிக்கப்பட்டது. அது புலிகேசி பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் என்று கூறுகின்றது. வாதாபி வீழ்ந்தமையைக் கூறவில்லை. சீன நாட்டு யாத்திரிகர் யுவான் சுவாங் கி.பி. 641-ஐ ஒட்டிப் புலிகேசியின் நாட்டைக் கண்டு, அவன் வலிமையைப் புகழ்ந்தார். அக்காலத்தும் வாதாபி வீழ்ந்திலது.

பின்னர்க் காற்று மாறி அடிக்கின்றது. மகேந்திரவர்மன் மகனாகிய முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புலிகேசியைப் புறங்காட்டச் செய்து, வாதாபியை அழித்தான் எனக் கூரம் செப்பேடு கூறுகின்றது. அச்செப்பேட்டை வெளியிட்டவன் நரசிம்மவர்மனுடைய பெயரனாகிய முதலாம் பரமேசுவரவர்மன். மணிமங்கலத்துப் போர் சளுக்கியப் படை காஞ்சியை நெருங்கி வந்தமையையும், வாதாபியின் அழிவு பல்லவப்படை அதனைத் துரத்திச் சென்றமையையும் காட்டும். பாதாமியிலேயே பாறை ஒன்றில் நரசிம்மவர்மன் பெயரால் சிதைந்த கல்வெட்டு ஒன்று உளது; அஃது அவனது 13-ஆம் ஆட்சியாண்டினது என்பர். அவன் கி.பி. 630-ஐ ஒட்டி முடிசூடினனாதலின் 13-ஆம் ஆண்டு 642-ஐ ஒட்டி அமையும். சளுக்கியர் வரலாறும் இதனோடு பொருந்துகின்றது. புலிகேசிக்குப் பின்னர்ப் பன்னிரண்டு ஆண்டளவு அவ்வரசு நிலைகுலைந்து கிடந்து, கி.பி. 655-ஐ ஒட்டியே முதலாம் விக்கிரமாதித்தனால் மீண்டது. பகைவராகிய இருதிறத்தார் சாசனங்களும், இருவர்க்கும் அயலாராகிய சீனர் குறிப்பும் ஒரே முடிபைத் தருமாயின், அதனை ஐயுறுதற்கு இடம் அரிது. வாதாபி வீழ்ந்தது கி.பி. 642-ஐ ஒட்டியே என்பது துணிபு.

சேக்கிழார் எங்ஙனம் அறிந்தார்

ஈண்டு ஓர் ஆசங்கை எழலாம். சேக்கிழார் அநபாயன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். வாதாபி வீழ்ந்து ஏறத்தாழ 500 ஆண்டு கழிந்த பின்னர் எழுதியவர். அவர் தம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பழைய அடியார்மேல் ஏற்றிக் கூறியிருத்தல் கூடாதோ எனின், கூடாது. சோழர் காலத்தில் சளுக்கியர் தலைநகராக விளங்கியது கல்யாணபுரம். முதலாம் இராசாதிராசன் அந்நகரை எறிந்து, ஆண்டிருந்த துவாரபாலகர் உருவத்தைச் சோழநாட்டுக்குக் கொணர்ந்து, அதன் பீடத்தில் அவ்வெற்றியையும் பொறித்து வைத்தான். சேக்கிழார் காலத்துச் சோழநாட்டார்க்கு வடபுல வெற்றி என்றவுடன் நினைவுக்கு வரத்தக்க பெயர் கல்யாணபுரமே. புனைந்துரைக்கும் புலவர் அப்பெயரையே இட்டிருப்பர். சேக்கிழாரோ வாதாபி என்றார். அகத்தியர் வாதாபி என்னும் அசுரனை அழித்த கதையிலிருந்து இப்பெயரை எடுத்தார் எனலும் பொருந்தாது. அவர் கூறுவது அசுரனையன்று, யானைப்படை செலுத்தி அழித்த நகரத்தை.

ஆகவே, 7-ஆம் நூற்றாண்டுச் செய்தி ஒன்று பிழையாத வடிவிலே 12-ஆம் நூற்றாண்டுவரை அடியார் வழக்கில் நிலைபெற்று வந்தது என்பது போதரும். சேக்கிழாருக்கு முற்பட்ட சான்றுகளும் இதற்குத் துணையாகும். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டரைக் குறித்தார். தஞ்சையில் சீராளரது உருவமும் வைத்து வழிபட்டனர் என்பது முன்னர்க் கூறப்பட்டது. சாசனம் புராணத்துக்குக் காலம் தருகின்றது. அதனோடு சேக்கிழார் வாக்கைச் சோதித்து, அவர் நம்பத்தக்க ஆசிரியர் என்பதற்குச் சான்றும் பகர்கின்றது. இவ்விரண்டாம் பயன் முதற்பயனினும் பெரிது.

ஒரு தறியிற் கட்டிய பிற செய்திகள்

கி.பி. 642 என்பது ஊன்றிய தறி. பிற செய்திகளை அதனோடு கட்டிப் பார்க்கலாம். திருஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடியிற் பாடிய திருப்பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் பாடியுள்ளார். இருவரும் ஒருகாலத்தவர் என்பதற்கு அதுவே அகச்சான்று. சேக்கிழார் கூறும் முறையில், வாதாபியினின்று மீண்ட பின்னரே சிறுத்தொண்டரது இல்லறமும் சீராளர் பிறப்பும் வருகின்றன. சீராளரை மூன்றாம் ஆண்டிற் பள்ளியில் இருத்திய பின்னர்ச் சம்பந்தர் அங்கு எழுந்தருளினார். அம்முறையே கொள்ளின் அவ்வருகை கி.பி. 645 அல்லது 646-க்கு முற்படாது. சம்பந்தர் இவ்வுலகில் இருந்தது 16 ஆண்டு என்பது வழக்கு. எனவே அவர் அவதாரம் 630-ஐ ஒட்டிய காலத்துக்கு முற்பட்டதாகாது. மதுரைக்கு அவர் சென்றது செங்காட்டங்குடி வருகைக்குப் பின்னராதலின், கூன்பாண்டியன் சுரந்தீர்ந்ததும் 645-க்குப் பின்னரே.

மறுதலை எல்லையை அப்பர் வரலாறு தரும். அப்பரை ஒறுத்துப் பின்னர்ச் சைவனாகிய பல்லவன், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது சேக்கிழார் வாக்கு. மன்னன் பெயர் வெளிப்படையாக இல்லை, கோயிற்பெயரே திறவுகோல். வல்லத்துக் குகைக்கோயிற் கல்வெட்டில் குணபரன் என்பது மகேந்திரவர்மனுடைய பெயர்களுள் ஒன்றாகவே வெட்டப்பட்டுள்ளது. பாடலிபுத்திரத்திற் சமணர் சிறந்திருந்தமைக்கு அவர்தம் நூலே சான்று: லோகவிபாகம் என்னும் சமண நூல் பாடலிகையில் சகம் 380-இல், அஃதாவது கி.பி. 458-இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனது 22-ஆம் ஆட்சியாண்டில் முடிந்ததாக அந்நூலிற் குறிப்பு உளது.

மகேந்திரவர்மன் ஆட்சி கி.பி. 630-ஐ ஒட்டி முடிந்தது. அதற்குள் அப்பர் சமணருள் தருமசேனர் எனத் தலைமை பெற்று, பின்னர்ச் சைவத்துக்கு மீண்டும் விட்டார். அப்போது அவர்க்கு முப்பது வயதேனும் ஆகியிருக்கும் எனக் குறைந்த அளவாகக் கொள்ளின், அவர் பிறந்தது 600-க்குப் பிற்படாது. அவர் 81 ஆண்டு வாழ்ந்தார் என்பது வழக்கு. எனவே 681-க்குப் பின்னர் அவர் இருந்திரார். சம்பந்தர் மதுரையினின்று மீண்ட பின்னர்த் திருப்பூந்துருத்தியில் அப்பரைக் கண்டாராதலின், மதுரை நிகழ்ச்சி அதற்கு முற்பட்டது. மேலெல்லை 645, கீழெல்லை 681 என இரண்டும் கிடைத்தன. வேள்விக்குடிச் செப்பேடு கூறும் நெல்வேலி வென்ற அரிகேசரியே சுந்தரர் பாடிய நெல்வேலி வென்ற நெடுமாறன் என்பர். அவன் ஆட்சித் தொடக்கத்தை 640-ஐ ஒட்டிக் கொள்வாரும், 670-ஐ ஒட்டிக் கொள்வாரும் உளர். இவ்வெல்லைகள் இருவர் கருத்துக்கும் இடந்தரும். ஆயினும் பின்னவர்க்குத் தருவது சிறிய இடமே.

இங்கே உறுதியின் தரம் வேறுபடுதலைக் கருதவேண்டும். வாதாபி வீழ்ந்த காலம் சாசனத்தால் உறுதிப்பட்டது. சிறுத்தொண்டரும் சம்பந்தரும் ஒருகாலத்தவர் என்பது தேவாரத்தால் உறுதிப்பட்டது. பரஞ்சோதியாரே வாதாபிப் படையை நடத்தினார் என்பது சேக்கிழார் வாக்கால் அறியப்படுவது. 16, 81 என்னும் ஆண்டுகள் வழக்குப் பற்றியன. முப்பது வயது என்பது கருதிக் கொண்டது. எல்லாவற்றையும் ஒருநிறையாக வைத்து 'கல்வெட்டே கூறிற்று' எனல் வாய்மையாகாது.

மிகைபடக் கூறாமை

காலம் ஆராய்வார்க்கு வரும் இடையூறு, கிடைத்த சான்றை அது தாங்காத பொருளுக்குத் தூணாக நிறுத்துதல். திருச்சிராப்பள்ளி மலைக் குகைக்கோயிலில் குணபரன் இலிங்கத்தை வழிபட்டு எதிர்நெறியினின்றும் திரும்பினான் என்னும் பொருள்பட வடமொழிச் செய்யுள் ஒன்று உளது. இது மகேந்திரவர்மன் சமணம் விட்டுச் சைவனானமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. அச்செய்யுள் இலிங்கம், விபக்கம் முதலிய தருக்கச் சொற்களைச் சிலேடையாக அமைத்துப் பாடப்பட்டது. சமணம் என்னும் பெயர் அதில் இல்லை. ஆதலின் அது சேக்கிழார் வாக்குக்கு இணங்கி நிற்கும் சான்று எனலாம்; அதுவே தனித்து நின்று நாட்டும் சான்று எனல் மிகை. பரஞ்சோதியார் வாதாபியினின்று விநாயகர் திருவுருவைக் கொணர்ந்தார் என்னும் பெருவழக்கும் இத்தகையதே. கவர்ந்த பொருள்களைக் கூறும் சேக்கிழார் அதனைக் கூறிற்றிலர். செங்காட்டங்குடிக் கோயில் கணபதீச்சரம் எனச் சம்பந்தர் தேவாரத்திலேயே வழங்குதல் கொண்டு அச்செய்தியை வருவித்தல் ஆகாது.

திருநின்றவூர்ப் பூசலார் வரலாறு இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எடுத்தான் எனச் சேக்கிழார் கூறுவது, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுத்த கயிலாசநாதர் கோயிலோடு பொருந்துகின்றது. அக்கோயிற் கல்வெட்டு அவன் அசரீரி கேட்டமையைக் குறிக்கின்றது. புராணமோ இறைவன் கனவிற் கூறினமையைச் சொல்கின்றது. இரண்டும் ஒத்த செய்திகள். ஒரே செய்தி எனத் துணிதற்கு இடமில்லை. அக்கற்றளி இதுவேயாயின், பூசலாரைத் தொகையிற் பாடிய சுந்தரர் அது எழுந்த காலத்துக்கு முற்பட்டவராகார் என்பது மட்டும் பெறப்படும்.

கல்வெட்டு மன்னன் பெயரைச் சொல்லும். போரின் களத்தைச் சொல்லும். கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையைச் சொல்லும். வையையில் ஏடு எதிரேறியதை அது சொல்லாது. சொல்லாமையால் அது நிகழாமையும் பெறப்படாது. காண்டல் கருதல்களுக்கு எட்டாத அதனை உரையளவையால் உணர்தலே முறை. ஆயின் அவ்வுரையை அருளிய ஆசிரியர், சோதித்தற்கு இடமான வாதாபி, குணபரவீச்சரம், பாடலிபுத்திரத்துப் பள்ளி ஆகிய செய்திகளில் பிழையாது நின்றார் என்பதை அன்பர்கள் கருதுவாராக. குன்றத்தூரிற் பிறந்த அப்பெருமான் பல்லவர் செப்பேடுகளைத் தேடிப் படித்து எழுதினாரல்லர். அடியார் நாவில் வழிவழி வந்ததைப் போற்றி எழுதினார். மண்ணினின்று பின்னர் வெளிப்பட்ட செப்பேடு அவரை மறுக்கவில்லை. சைவ நன்மக்கள் சாசன ஆராய்ச்சியை அஞ்சவேண்டாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.